அரை அங்குலம்

ஜீப்பின் தலை ஷட்டரில் இடித்ததும் "ஐயையோ" என்று முதலில் கத்தியவர் பல் டாக்டர்தான். ஏதோ அவர் பல்லே உடைந்துவிட்ட மாதிரி.

காலை ஆறு மணி. எட்டு மணிக்குள் மலையடிவாரத்தில் இருந்தாக வேண்டும். ஜீப்பில் மலையேறும் போட்டி. ஒரு நிமிடம் பிந்தினாலும் பெயரை அடித்துவிடுவார்களாம்.

ஓட்டப்போகிறவர் என் வீட்டுக்காரர். கூட ஏறுகிறவர்கள் அவருடைய நண்பர்கள் மூன்று பேர். பல் டாக்டர், வக்கீல், சிமென்ட் கடைக்காரர். மூவரும் இவரை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேப்டன் இப்போது வீட்டு ஷெட்டுக்குள் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மாத வேலை. ஷெட்டுக்குள்ளேயே ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு உயரமான ஸ்பிரிங் போட்டார்கள். அதற்கேற்ற ஷாக் அப்சார்பர். அப்புறம் எருமை மாதிரி நான்கு டயர். அடியில் பாறை இடிக்கக் கூடாது, டயர் மேலே உரசக் கூடாது என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

நேற்று மாலைதான் ஜீப்பைத் தரையில் இறக்கினார்கள். நாலு பேரும் கைதட்டினார்கள். பிள்ளை பெற்ற வீட்டில்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது.

ஷட்டர் உயரத்தை மட்டும் அவர்கள் யாரும் அளக்கவில்லை. அளந்து சொன்னது நான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அதே மலையில் ஒரு ஜீப் மூன்று குட்டிக்கரணம் போட்டது. அந்த வீடியோவை வக்கீல் எனக்கும் அனுப்பி, கீழே சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தார். கட்டையில் போக! அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகாதீங்க என்று கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "பசங்ககிட்ட சொல்லியாச்சு" என்பதற்குமேல் மனுஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் ஒருநாள் டேப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஷட்டர் எவ்வளவு உயரம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஜன்னல் திரைக்கே மூன்று தடவை அளக்கிற ஆள். என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறடி ஆறு அங்குலம் இருந்தது. ஆறடி ஒன்பது என்றேன்.

இப்போது ஜீப் ஆறடி எட்டரை.

இத்தோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் நம்பினேன். விடவில்லை. பழைய டயரை மாட்டலாம் என்றால், அதைக் கொடுத்துத்தான் புது டயரே வாங்கியிருந்தார்கள். அதனால் பல் டாக்டர் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கினார். ஒரு அங்குலம் இறங்கியது.

மூன்று பேரும் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். இன்னும் முக்கால் அங்குலம் இறங்கியது. சிமென்ட் கடைக்காரர் அன்றைக்குத்தான் தன் தொப்பையைப் பெருமையாகத் தட்டிக்கொடுத்தார். கடையைத் திறந்து நாலு மூட்டை சிமென்ட் கொண்டுவரலாமே என்றார் வக்கீல். சாவி வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை ஒன்பது மணிக்குத்தான் வருவாராம். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

அடுத்து என் வீட்டைக் காலி செய்தார்கள். இரண்டு கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, என் தையல் மெஷின். எல்லாம் உள்ளே போயிற்று.

வக்கீல் தலையை நீட்டிப் பார்த்தார். இன்னும் அரை அங்குலம் இடித்தது.

மூன்று பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். கோர்ட்டில் அந்தக் கத்து கத்துகிற வக்கீல் பல் டாக்டரை முழங்கையால் இடித்தார், பல் டாக்டர் சிமென்ட் கடைக்காரரை இடித்தார்.

கடைசியில் சிமென்ட் கடைக்காரர்தான் துணிந்தார். "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களும் ஒரு அஞ்சு நிமிஷம் ஏறி உக்காந்தீங்கன்னா..."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன். அதற்குள் இவர் முகம் கண்ணில் பட்டுவிட்டது.

ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு என்னமோ செய்தது. ஐந்து மாதம் விரல் நகமெல்லாம் கிரீஸாக அலைந்த மனுஷன். ஆசை ஆசையாகச் செய்ததை ஒரு பொய்யைச் சொல்லிக் கெடுத்துவிட்டேனே, நானெல்லாம் ஒரு பெண்டாட்டியா என்று இருந்தது. போகட்டும். நல்லபடியாகப் போய்விட்டு வரட்டும்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். ஜீப்பின் படி என் இடுப்புக்கு வந்தது. பிடியை எட்டிப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

"இரு இரு, நான் ஏத்திவிடறேன்" என்று இவர் குதித்து ஓடிவந்தார். என் கையைக் கெட்டியாகப் பிடித்தார்.

மேலே தூக்கவில்லை. கீழே இழுத்தார்.

"ஏறித் தொலைச்சிடாதே" என்றார் என் காதுக்குள். "முட்டி வலிக்குதுன்னு சொல்லு. எனக்கு அந்த மலையை நெனச்சாலே பயமா இருக்கு. நீ மூணு அங்குலம் கூட்டிச் சொன்ன அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

நாற்பத்தேழு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு முட்டி வலி வந்தது. தெருவே எட்டிப் பார்க்கும்படி "அம்மா" என்று அலறிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"அடடா, பாத்தும்மா" என்றார் கேப்டன், பிடித்த கையை விடாமல்.