அண்ணனின் தோல் ஜாக்கெட்

மழை விட்ட பகல். பால்கனியில் தங்கையின் மடியில் கிடக்கிறது செத்துப்போன அண்ணனின் தோல் ஜாக்கெட். மாவு தூவியதுபோல் மேலெல்லாம் பூசணம். மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு, வினிகர் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கிறாள். முதுகுப்பக்கம் ஒரே இழுப்பில் சுத்தமாகிவிடுகிறது. அவனுடைய வியர்வையும் தலையெண்ணெயும் ஊறிய காலரில்தான் அடை அடையாய் அப்பிக் கிடக்கிறது. கேட்கக் கூடாதென்று நினைத்தும் கேட்டுவிடுகிறாள்.

"தொடைக்காம ஏன் அண்ணி பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டுனீங்க? காத்தே போகலை பாருங்க."

"அவர் வாசனை போயிடக் கூடாதுன்னுதான்."

ஒரு வருஷம் கழித்து இன்றுதான் முடிச்சை அவிழ்த்திருக்கிறாள் அண்ணி. குனிந்து காலரை முகர்கிறாள். மக்கல் வாடை. இருமுகிறாள், வெகுநேரம் இருமுகிறாள்.

"காலரையும் தொடைச்சிடும்மா."

தங்கை துடைக்கிறாள். வெள்ளையெல்லாம் துணியோடு வந்துவிடுகிறது. வெயில் படாத கொடியில், காற்றோட்டமாக, ஹேங்கரில் மாட்டுகிறாள். இரண்டு கைகளும் முழங்கையில் மடங்கியே தொங்குகின்றன. அண்ணி ஒன்றைப் பிடித்துக் கீழே இழுத்து நிமிர்த்துகிறாள். விட்டதும், பைக் ஓட்டிய வாக்கிலேயே அது மறுபடி மடங்கிக்கொள்கிறது.