சார் வேஷம்

“பெத்த அப்பாவையே பொண்ணை விட்டுக் கேலி பண்ண வைக்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?”

தலைமையாசிரியை கத்தியது ஒத்திகை நடந்த வகுப்பறையைத் தாண்டியும் கேட்டிருக்கும்.

நாடகக்கார அக்கா அசரவில்லை. “இருக்கு மேடம். காட்சியும் இருக்கும்.”

“நாளைக்குப் பெத்தவங்க முன்னால ஏதாவது ஏடாகூடமா ஆச்சு, அடுத்த வருஷம் இந்த ஸ்கூலுக்குள்ள ஒரு கலைஞரும் கால் வைக்க முடியாது. சொல்லிட்டேன்.”

கதவை அறைந்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் காரணமானவள் மூக்கு நுனியில் கண்ணாடியோடு கரும்பலகை பக்கத்தில் நின்றாள். வகுப்பில் அவளுக்கு ‘வாரிசு’ என்று பெயர். கணக்கு சாரின் மகள். கணக்கில் பாஸானதே இல்லை. வேறு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள்?

அக்கா மேடையில் நடித்துப் பிழைப்பவர். வாரத்தில் ஒரு நாள் இவர்கள் வகுப்புக்கு வந்து நாடகம் சொல்லித்தந்தார். அவர் நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. கதையில் யாராவது அநியாயமாகக் கஷ்டப்பட்டால், பார்க்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம். மேடை ஏறி, அந்த ஆளின் இடத்தில் நின்று, வேறு மாதிரி செய்து பார்க்கலாம்.

காட்சி ஒன்றும் பெரிய விஷயமில்லை. கணக்கு வராத மாணவனை வாத்தியார் வறுத்தெடுக்கிறார், அவ்வளவுதான். வாத்தியார் வேஷம் முதலில் வேறொரு பையனுக்குத்தான். ஒரு மதிய இடைவேளையில் வாரிசு தன் அப்பாவைப் போலச் செய்துகாட்டினாள். இடது கையில் சாக்பீஸ், கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, “ம்ம்… அப்புறம்?” என்று ஓர் இழுவை. வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரிக்காமல், அவளோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் வந்த அக்கா வேஷத்தை அவளுக்கு மாற்றிவிட்டார்.

“அக்கா, வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டாமா?”

“நீ பண்ணினாத்தான் நல்லா இருக்கும்.”

“அப்போ கொஞ்சம் குறைச்சுப் பண்றேன்.”

“பாதி பண்ணினா அது கேலி. முழுசாப் பண்ணினாத்தான் நடிப்பு. இஷ்டம் இல்லைன்னா இப்பவே இறங்கிடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

அவள் இறங்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை வருஷப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நன்றாக வந்தது இது ஒன்றுதான். விட மனசு வரவில்லை.

தலைமையாசிரியை கத்திவிட்டுப் போன மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் கணக்கு சார், கையைக் கட்டிக்கொண்டு.

“ம்ம்… அப்புறம்?”

கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு நின்ற பையன் நெளிந்தான்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கழுத்துக்கு மேல இருக்கிறது என்ன, தலையா, பூசணிக்காயா? உனக்கெல்லாம் சாக்பீஸ் ஒரு கேடா?”

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பிள்ளைகள் முதல் வரிசையைப் பார்த்தார்கள். பெற்றோரும் பார்த்தார்கள். சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. ‘நிறுத்து’ சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

“நிறுத்து!”

கணக்கு சார் எழுந்து நின்றார்.

தலைமையாசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். வாரிசு ஓரடி பின்னால் நகர்ந்தாள். சார் மேடை ஏறி நேராக அவளிடம் வந்தார்.

“சத்தம் பத்தாது. நான் இதைவிடக் கத்துவேன்.”

அரங்கமே குலுங்கிச் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. பையனிடம் சாக்பீஸை வாங்கிக்கொண்டு அவனைக் கீழே அனுப்பினார். அவன் இடத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். கணக்கு வகுப்பில் வாரிசு அப்படித்தான் நிற்பாள்.

“ம், திட்டுங்க சார்,” என்றார் மகளிடம்.

“ம்ம்… அப்புறம்?” அவள் இழுவை பாதியில் அறுந்தது.

“புரியல சார்.”

“வகுப்புல புரியலைன்னா வீட்டுல கேட்டுப் படிக்கிறதுக்கென்ன?” அப்பா எல்லோரிடமும் சொல்கிற வசனம், தானாக வாயில் வந்துவிட்டது.

“வீட்டுலயும் கேட்க முடியாது சார். அங்கேயும் நீங்கதான் இருக்கீங்க.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து என்ன பேசுவது என்று அக்கா சொல்லித்தந்திருக்கவில்லை. வாரிசு கண்ணாடியைக் கழற்றினாள்.

“சரி, அதை அழிச்சுடு. முதல் வரியில இருந்து ரெண்டு பேருமாப் போடுவோம்.”

சார் அழித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கீழே இறங்கிய சார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “எம் பொண்ணு!”

திரைக்குப் பின்னால் வேஷம் கலைத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியையின் குரல் வாரிசுக்குக் கேட்டது.

“அவர் பெரிய மனுஷன், சமாளிச்சுட்டார். அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது. அந்தப் பொண்ணு எவ்வளவு பயந்திருக்கும்?”

“நான் மாட்டேன்னுதான் மேடம் சொன்னேன்,” என்றார் அக்கா. “அன்னைக்கு மத்தியானம் அவ செஞ்சுகாட்டினதை ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, வேஷத்தை அவளுக்கே குடுங்கன்னு வந்து கேட்டதே அவர்தான்.”

“அட! அதை அவகிட்டச் சொல்லியிருந்தா பாவம், பயப்படாமலாவது நடிச்சிருப்பாளே!”

“நானும் அதைத்தான் அவர்கிட்டக் கேட்டேன். ‘நான் சொன்னேன்னு தெரிஞ்சா, அது அப்பா பேச்சைக் கேட்டதாப் போயிடும். தெரியாமலே செஞ்சா, அந்தத் தைரியம் முழுக்க அவளோடது’ன்னார்.”