பத்தாவது நிமிடம்

“உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. மரம் ஏறாதீங்கன்னு மட்டும் கேட்டுடாதே.”

“சரி, கேட்க மாட்டேன். சத்தியம்.”

கல்யாணமான மறுநாள் சிரித்துக்கொண்டே செய்த சத்தியம் அது. ஆறு வருஷம் கழித்து, கணவனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் மனதில் முள்ளாய்க் குத்தியது. மடியில் சாக்கில் சுற்றிய சங்கிலி ரம்பம் கனத்தது.

பழைய மெஷின். அவனோடு சேர்ந்து மரம் ஏறி வெட்டும் கூட்டாளியுடையது. போன மாதம் கிளை முறிந்து விழுந்ததில் கூட்டாளிக்கு இடுப்பு போய்விட்டது. “இனி இது எதுக்கு?” என்று அவர் மனைவி அழுததைப் பார்த்துவிட்டு, இவன்தான் விலைக்கு வாங்கி வந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ளெல்லாம் பொத்தலாகிச் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்ட இரண்டு முறை போனான். மெஷின் சரியாக ஓடாமல் இரண்டு முறையும் திரும்பி வந்தான். “மெக்கானிக்கிட்ட காட்டிட்டு நாளைக்குக் காலையில வந்து நில்லு” என்று காண்ட்ராக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மெஷின் ஏன் சரியாக ஓடவில்லை என்று அவளுக்குத் தெரியும். “பெட்ரோல் வர்ற அளவை மாத்துற இந்தத் திருகை மட்டும் தொட்டுடாதே, ஒரே புகையா வரும், இழுவை இருக்காது” என்று அவனே ஒருநாள் காட்டியிருந்தான். தையல் மெஷினின் சின்ன ஸ்க்ரூடிரைவர் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

இன்று காலையும் அவன் வேலைக்குக் கிளம்பும் முன் திருகினாள். பிறகு பின்பக்கக் குழாயில் கை கழுவும்போது, அவன் கிரீஸ் போகத் தேய்க்கும் ரோஸ் சோப்பு அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஓரத்தில் கொறித்த மாதிரி பள்ளம். எலிக்கு மருந்து வைக்க வேண்டும் என்று அந்தப் பதற்றத்திலும் தோன்றியது.

ஒன்றுதான் புரியவில்லை. புகைதானே வர வேண்டும்? பத்தே நிமிடத்தில் மெஷின் நின்றே போகிறதாமே!

மெக்கானிக்குக் ‘காது’ என்று பட்டப்பெயர். கோளாறைக் கண்ணால் தேடுவதற்கு முன் காதால் பிடித்துவிடுவார்.

“வா மாப்ளே! தங்கச்சியுமா? மெஷினுக்கு உடம்பு சரியில்லைன்னா குடும்பமே கூட வரணுமா?”

“நான்தான் வரேன்னு சொல்லி… சும்மா வந்தேன் அண்ணே” என்றாள். ஸ்க்ரூடிரைவர் அவள் கைப்பையிலேயே இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வரக்கூட மறந்திருந்தாள்.

மெக்கானிக் கயிற்றை இழுத்தார். மெஷின் கரும்புகை கக்கியது. தலையைச் சாய்த்துக் கேட்டார். “பெட்ரோலை மொடக்கு மொடக்குன்னு குடிக்குது.”

பிளக்கைக் கழற்றினார். கறுப்பாக, ஈரமாக இருந்தது. ஃபில்டர் சுத்தம். பிறகு திருகின் மேல் விரலை வைத்தார்.

“ஒண்ணரைச் சுத்து வெளியே நிக்குது. அதிர்வுல இவ்வளவு தளராது. யாரோ கை வெச்சிருக்காங்க.”

“யாரு… யாரு வெக்கப் போறா?” என்றான் கணவன். குரல் பிசிறியது. அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் திருகைச் சரிசெய்து, கட்டையில் வைத்து அழுத்தினார். தூள் பறந்தது. “அவ்வளவுதான். நாளைக்கு ராஜா மாதிரி ஏறு!”

அவள் ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது. கண்டுபிடித்துவிட்டான், என்னைத்தான் சந்தேகப்படுகிறான் என்று பயந்தாள்.

“அணைச்சுடுங்கண்ணே, போதும்” என்றான் அவன்.

“இருப்பா. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்.”

பத்தாவது நிமிடம் மெஷின் இருமியது, திணறியது, நின்றது. மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்தார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மீண்டும் கயிற்றை இழுத்ததும் உடனே ஓடியது.

“அட! மூடியில இருக்கிற மூச்சுத் துளை அடைச்சிருக்கு. உள்ளே காத்து போனாத்தானே பெட்ரோல் இறங்கும்?” மெஷினை அணைத்துவிட்டு, ஊசியால் துளையைக் குத்தினார். ரோஸ் நிறத்தில் ஏதோ சுருண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

“சோப்பு! தூசின்னா நம்பலாம். சோப்பு தானா நடந்து வந்து உக்காருமா? மாப்ளே, யாரோ உன் உயிரோட விளையாடறாங்க. பாதிக் கிளையை அறுக்கும்போது மேலே இது நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

அவளுக்குக் கூட்டாளி விழுந்து கிடந்த கோலம் கண்ணில் வந்தது.

“திருகுல கை வெச்சது நான்தாங்க!” என்று உடைந்துபோனாள். “நீங்க மரத்துல ஏறாமலே திரும்பிடுவீங்கன்னு நெனச்சேன். ஆனா சோப்பு வெச்சது நான் இல்லை. சத்தியமா நான் இல்லைங்க. வேற யாரோ…”

மெக்கானிக் ஏற்கெனவே துடைத்த பிளக்கை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

கணவன் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான். அவன் கட்டைவிரல் நகத்துக்குள் ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது.

“கேட்கவே கூடாதுன்னு உன்கிட்ட அன்னைக்கு ஒண்ணு சொன்னேனே” என்றான், பக்கத்தில் நின்ற ‘காது’க்கே கேட்காத குரலில். “அதை இப்ப ஒரு தடவை கேளேன்.”