பத்திரமான முதலீடு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பெண் பார்க்க வந்த செந்தூல் ரயில் பட்டறை ஃபிட்டர் அங்கமுத்து வாயையே திறக்கவில்லை. ரப்பர் பங்கில் கையைச் சுட்டுக்கொண்ட பெண்ணின் அப்பா வைத்திலிங்கமோ விடுவதாக இல்லை.

"சம்பளத்துல மிச்சம் பிடிச்சதை எங்க போட்டிருக்கீங்க தம்பி? ரப்பர் பங்கா?"

அங்கமுத்து தலையை ஆட்டி மறுத்தான்.

"செட்டியார்கிட்ட வட்டிக்கா?"

அதற்கும் மறுப்பு.

"தபாலாபீஸ்லயாவது?"

அதுவும் இல்லை.

வைத்திலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப இத்தனை வருஷச் சம்பாத்தியம் எங்கதான் போச்சு?"

"எவனும் திருட முடியாத இடத்துல போட்டுட்டேங்க" என்று அங்கமுத்து சிரித்தான்.

மேல்வரிசை முழுக்கத் தங்கப் பல்.

சிரித்தபடியே தட்டிலிருந்து முறுக்கை எடுத்தான். வைத்திலிங்கம் பாய்ந்து பிடுங்கிக்கொண்டு மனைவியை அழைத்தார்.

"அடியே வீரம்மா! மாப்பிள்ளைக்கு முறுக்கு வேணாம், கேசரி கொண்டா!"