தொட்டில் கட்டிய வீடு

காலைப் பனிக்கு அப்பால் கொழுந்து வெட்டும் மெஷின் இரைகிறது. ஏழு மாத வயிற்றோடு கங்கா தேயிலைச் சரிவில் தனியாக ஏறுகிறாள். தினமும் கைபிடித்து நடக்கவைக்கும் ஓரகத்தி ருக்குமணி இன்று வரவில்லை. சரிவின் மேலே அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது; கங்கா எட்டிப் பார்க்கிறாள். உள்ளே, விட்டத்தில் ஒரு புது ஸ்பிரிங் தொட்டில். கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பவன் கங்காவின் கணவன் குணாளன்.

"நம்ம வீட்டுல கட்டாம இங்க ஏங்க?"

தொட்டிலருகே நிற்கும் ருக்குமணி தலைகுனிகிறாள். குணாளன் கயிற்றைப் பார்த்தபடியே சொல்கிறான்: "அண்ணிக்குப் பிள்ள இல்ல. இந்தப் பிள்ளைய அவங்களுக்குத் தரதா அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அடுத்தது நமக்கு லா."

"எப்ப சொன்னீங்க?"

"மூணாம் மாசமே."

அந்த மாதம்தான் ருக்குமணி அவளை நடக்க அழைக்கத் தொடங்கினாள். கங்கா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ் நிற்கும் சாலையை நோக்கி இறங்குகிறாள். பின்னால் ருக்குமணி ஓடிவந்து கை நீட்டுகிறாள். "மெதுவா போ கங்கா, வழுக்கும்." கங்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.