மந்திரிக்குச் சளி

"போ! தாராளமா போ! இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சொல்லிட்டு எவரிஸ்தோ முப்பத்திரண்டு பல்லையும் காட்டினான். அவன் வாயில அத்தனை பல்லே கிடையாது. இருந்தாலும் காட்டினான்.

நெலிதாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு வாரமா இதே கேள்வி, இதே பதில், இதே இளிப்பு.

பெரு நாட்டுத் தலைநகரம் லீமாவுல ஒரு பெரிய ஓட்டல்ல அவளைச் சமைக்கக் கூப்பிட்டிருக்காங்க. இகித்தோஸ் சந்தையில சோறையும் கோழியையும் இலையில கட்டி, வேகவெச்சு விக்கிறவளுக்கு இது லாட்டரி. ஒரு வருஷ வேலை. தங்க ரூம் உண்டு, ஆனா ஒரு ஆளுக்குத்தான். எவரிஸ்தோவால நகர முடியாது. அவனோட ஆட்டோ இங்க, அவங்கப்பாவோட முடியாத காலு இங்க.

அவளுக்குப் போக ஆசைதான். பயமும்தான். லீமாவுல மழையே பெய்யாதாம், பக்கத்து வீட்டுல யாரு இருக்கான்னே யாருக்கும் தெரியாதாம். ஆனா புருஷன் ஒரே ஒரு தடவை "போகாத"ன்னு சொல்லிட்டான்னா, சந்தோஷமாக் கிளம்பிடுவா. இது என்ன கணக்குன்னு கேக்காதீங்க, அவளுக்கே தெரியாது.

இவன் என்னடான்னா பஸ்ஸுக்கு ஆள் ஏத்துற மாதிரி "போ, போ"ங்கறான்.

"கிளிக்கு என்னய்யா ஆச்சு? கூண்டைத் துணி போட்டு மூடி வெச்சிருக்க?"

"மந்திரிக்குச் சளி. காத்து படக்கூடாது."

நாள் பூரா பேசும், ஒரு வேலையும் செய்யாது. அதான் அந்தக் கிளிக்கு மந்திரின்னு பேரு.

மறுநாள் சந்தையில பக்கத்து வீட்டு எர்மெலிந்தா அக்கா வந்து நின்னா. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைப் பலகைச் சுவரு. இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கத்துலேருந்து அக்கா "நல்லாயிரு"ம்பா.

"அடியே நெலிதா, நான் சொன்னேன்னு சொல்லாத..."

"யாருகிட்டக்கா சொல்லப் போறேன், சொல்லு."

"நீ இங்க வந்தப்புறம், மத்தியானத்துல உன் வீட்டுல யாரோ வர்றாடி. உன் புருஷன் கொஞ்சறான். 'ராணி'ங்கறான்."

நெலிதா கையிலிருந்த இலை கிழிஞ்சுது. கல்யாணமான புதுசுல அவளைத்தான் ராணின்னு கூப்பிட்டான். அப்புறம் அந்த ராணி "ஏய்" ஆயிட்டா.

"என்னன்னு கொஞ்சறான்?"

"'போகாத ராணி'ங்கறான். அவ மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவுறா. தினமும் இதே கூத்து."

'ஓகோ! எனக்கு "போ", அவளுக்கு "போகாத"வா?'

கடையை அப்படியே போட்டுட்டுக் கிளம்பிட்டா. வேடிக்கை பாக்க வேணாமா, அக்காவும் பின்னாடியே ஓடினா.

எவரிஸ்தோ வாசல்ல ஆட்டோவைத் துடைச்சிட்டு இருந்தான்.

"யோவ், உள்ள வா. யாருய்யா அந்த ராணி?"

அவன் மூஞ்சி வெந்த இறால் கணக்கா சிவந்துச்சு. "எ... எந்த ராணி?"

"முழிக்காத. அக்கா காதால கேட்டிருக்கு."

"அந்தக் காதைக் கழட்டி ஆத்துல போடணும்!"

"என் காதை ஏண்டா இழுக்கற? தப்பு பண்றது நீ!"ன்னு அக்கா சீறினா.

"நான் கிளம்பிட்டா வசதியாப் போயிடும், அதான? போக மாட்டேன். இப்பவே சொல்லிடறேன் பாரு." நெலிதா போனை எடுத்து லீமாவுக்கு அடிச்சா.

"ஐயோ, அவசரப்படாத! இங்க வேற யாரும் வந்து போகல. நம்புடி!"

"உன்னை எதுக்கு நம்பணும்? வீட்டுலதான் சாட்சி இருக்கே." போன் காதுல, கை கூண்டு மேல.

"வேணாம்! துணியை எடுக்காத! சளி!"

பாய்ஞ்சான். அதுக்குள்ள துணி கீழ விழுந்துடுச்சு.

ஒரு வாரமா இருட்டுல கிடந்த மந்திரி, கண்ணைச் சிமிட்டிச்சு. ரெக்கையை உதறிச்சு. தொண்டையைக் கனைச்சுது. அப்புறம், அச்சு அசலா எவரிஸ்தோ குரல்ல,

"போகாத ராணி..."

"பாத்தியா! நான் சொன்னேன்ல?" அக்கா துள்ளினா.

மந்திரி நிறுத்தலை. மூக்கை உறிஞ்சிச்சு. நாலு தடவை. அதுவும் எவரிஸ்தோ மூக்குதான்.

"ச்சே, தப்பு தப்பு! அழாம சொல்லுடா எவரிஸ்தோ. அவ மூஞ்சியைப் பாக்காத, சுவத்தைப் பாத்துச் சொல்லு. சிரி. ம்... லீமாவுக்குப் போ ராணி. எனக்கென்ன, நான் ஜாலியா இருப்பேன்."

மறுபடி மூக்கு.

எர்மெலிந்தா அக்கா வேடிக்கை பாக்காம வாசல் பக்கம் திரும்பிக்கிட்டா. ஜென்மத்துல முதல் தடவை.

எவரிஸ்தோ ஆட்டோ துடைக்கற துணியிலயே முகத்தைத் துடைச்சுக்கிட்டான். மூஞ்சி பூரா கிரீஸ்.

"ராத்திரி நீ கேக்கறப்போ சொதப்பிடக் கூடாதுன்னு..." மறுபடி மூக்கை உறிஞ்சினான்.

போன்ல லீமாக்காரம்மா கத்திட்டு இருந்தாங்க. "ஹலோ? ஹலோ? யாரும்மா அழறது? வர்றியா, இல்லையா?"

"வர்றேம்மா"ன்னா நெலிதா. "ஆனா ஒரு வாரம் தள்ளி வர்றேன். இங்க ஒருத்தனுக்கு இன்னும் ஒத்திகை முடியல."