ரீஃபில் என்று சொல்லாதே

"உங்க வீட்டுக்குன்னா எதை வாங்குவீங்க? அதைச் சொல்லுங்க, போதும்."

கேட்டவர் காலியான பிரிண்டர் கார்ட்ரிட்ஜை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். விற்பனைப் பெண் அதைத் தொடாமல் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

காலையில்தான் முதலாளி கண்டித்துச் சொல்லியிருந்தார். கடை இப்போது பெரிய பிரிண்டர் கம்பெனியின் ஏஜென்சி. காலி கார்ட்ரிட்ஜ் வந்தால் வாசலில் இருக்கும் மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுவிட்டு, புதுசைத் தலையில் கட்ட வேண்டும். பின்னறையில் மை நிரப்பும் மெஷின் இருப்பது பற்றி மூச்சு விடக்கூடாது. பழகியவர்கள் தாமாகக் கேட்டால் மட்டும் கமுக்கமாக நிரப்பித் தரலாம். இந்த வாரம் கம்பெனி ஆள் ஒருவர் வாடிக்கையாளர் வேஷத்தில் வேவு பார்க்க வருவார். அவர் காதில் 'ரீஃபில்' என்ற வார்த்தை விழுந்தால் ஏஜென்சியும் போகும், அவள் வேலையும் போகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு மனுஷர் வெளியே போய்விட்டார்.

இந்த வேலையும் போனால் அம்மா கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவாள்.

அதனால் வந்தவர் எல்லாருமே அவளுக்கு வேவுக்காரராகத் தெரிந்தார்கள். பேனா வாங்க வந்த தபால்காரரைக்கூட ஏற இறங்கப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

இவர் விஷயம்தான் பிடிபடவில்லை. சட்டைக் காலர் நைந்திருந்தது. ஷூ மட்டும் பளபளத்தது. மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறாளாம், வருகிற பீஸெல்லாம் மைக்கே கரைகிறதாம். உண்மையென்றால் பாவம். நடிப்பென்றால்? நடிக்க வந்தவரும் இப்படித்தானே பேசுவார்?

"புதுசு நல்லா இருக்கும் சார்."

"அது தெரியுதும்மா. அதை விட்டா வேற வழியே இல்லையா?"

தூண்டில் போடுகிறாரோ? யாரிடமாவது கேட்கலாம் என்றால், மின்விசிறிக்குக் கீழே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். தனக்கு அவசரமில்லை, முதலில் அவரைக் கவனி என்று வந்ததுமே சொன்ன நல்ல மனுஷி.

அப்போதுதான் அவர் கார்ட்ரிட்ஜைச் சுற்றிக் கொண்டுவந்திருந்த தாளைக் கவனித்தாள். கணக்குக் கேள்வித்தாள். மூன்றாவது கேள்வியிலிருந்து எழுத்து வெளிறிக்கொண்டே போய், அடியில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளை இடத்தில் யாரோ மிச்சக் கேள்விகளைக் கையால் எழுதியிருந்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனது ஆகட்டும்.

"பேசாம இதையே ரீஃபில் பண்ணிக்குங்க சார். எங்க வீட்டுலயும் அதான்."

பின்னறைக்குப் போய் நிரப்பிக் கொண்டுவந்து, ஒரு தாள் அச்சடித்தும் காட்டினாள். அவர் முகம் மலர்ந்து, நல்லா இருக்கணும் நீங்க என்று வாழ்த்திவிட்டுக் கிளம்பினார். கம்பெனி அட்டை எதையும் நீட்டவில்லை. நிஜமான வாடிக்கையாளர்தான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

கண்ணாடி அம்மாள் எழுந்து வந்தார். கைப்பையைத் திறந்து, கம்பெனியின் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவள் அட்டையையும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் சொன்னது... காதுல விழுந்துச்சா மேடம்?"

"நல்லாவே விழுந்துச்சு" என்ற அந்த அம்மாள், வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, அதே பையிலிருந்து நான்கு காலி கார்ட்ரிட்ஜ்களை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "முதல்ல இதுக்கெல்லாம் மை ஊத்திக் குடு. கம்பெனி எனக்குச் சம்பளம்தான் குடுக்குது. வீட்டுக்கு மை நான்தானே வாங்கணும்?"